நின்றுபோன தொடருக்கு ஒரு புத்தகம்

அந்தத் துப்பறியும் தொடர் எங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒன்பது சனிக்கிழமைகள்தான் ஓடியது. எண்பத்து மூன்றாம் ஆண்டு மே மாதக் கடைசியில் தொடங்கி, ஜூலையில் நின்றுபோனது. ஆங்கிலத் தொடர். நாங்கள் பார்க்கும்போதே அது எடுக்கப்பட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். எந்நேரமும் மழை பெய்யும் ஏதோ ஒரு துறைமுக ஊர்.

அந்தத் தொடரைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. உலகத்தில் அதைப் பற்றி வந்த ஒரே புத்தகம் அதுதான் என்று நினைக்கிறேன். எழுதியவர் மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த ஒரு சிங்களக் கிளாக்கர். தமிழில் ஆக்கியவள் நான். பெயர்கள் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மனைவிக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா முன்பே போய்விட்டார். நான் மாத்தளை நகரத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். எங்கள் வாடகை வீடு அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிளாக்கருடைய வீடு. இரண்டுக்கும் நடுவே வேலி. வேலியில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி. அவர் தோட்டத்துக் கடைவீதியில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் தமிழையே பேசுவார். அவருடைய மனைவியோடு நாங்கள் சிங்களத்தில் பேசுவோம். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை நங்கி என்பார், அதாவது தங்கச்சி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அக்காவின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது. அந்த ஒழுங்கையிலேயே அது ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு அப்பாவும் நானும் வேலிக்குள்ளால் நுழைந்து போவோம். படம் புள்ளி புள்ளியாகக் கலங்கினால் கிளாக்கர் வெளியே ஓடிப்போய் ஏரியல் கம்பத்தைப் பிடித்துத் திருப்புவார். "இப்ப சரியா? இப்ப?" என்று அவர் கத்த, நாங்கள் உள்ளேயிருந்து பதில் கத்துவோம்.

அந்தத் தொடரின் நாயகனிடம் துப்பாக்கி கிடையாது. அவன் போலீஸ்காரனும் அல்ல. திடீர் மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. சாட்சிகள் சொல்வதை எழுதுவதுதான் அவனுடைய வேலை. எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். யார் எந்த இடத்தில் வேறு மாதிரிச் சொன்னார்கள் என்று பார்ப்பான். கடைசியில் பொய் சொன்னவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சொன்னதையே அவருக்கு வாசித்துக் காட்டுவான். அவ்வளவுதான். ஆள் தலையைக் குனிந்துகொள்வார்.

"டீச்சர், பாத்தீங்களா? கிளாக்கர்!" என்று முதல் வாரமே அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "இருபத்திரண்டு வருசமா நானும் எழுதுறேன். ஒருத்தனும் என்னைப் பத்திப் படம் எடுக்கல."

இரண்டாம் வாரத்திலிருந்து மடியில் ஒரு சீ.ஆர். கொப்பியை வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கத் தொடங்கினார். ஆங்கிலம் வேகமாக ஓடும் இடங்களில் நான் சொல்லிக் கொடுப்பேன். கொலை நடந்த அறையை அளவுகோல் வைத்துப் படமாக வரைவார். கதவு, ஜன்னல், பிணம் கிடந்த இடம், யார் எங்கே நின்றார்கள் என்பதற்குச் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். ஒவ்வொரு கதைக்கும் கீழே ஒரே மாதிரித் தலைப்புகள் போடுவார். கடைசியாகக் கண்டவர். கண்ட நேரம். உடுத்திருந்தது. கையில் இருந்தது. அக்கா மட்டும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தேத்தண்ணி ஊற்றுவதும் கோப்பை கழுவுவதுமாக நடந்துகொண்டே இருப்பார். "எனக்கு அது ஒண்ணும் புரியாது" என்பார்.

ஒன்பதாவது சனிக்கிழமை முடிந்து இரண்டு மூன்று நாட்களில் மாத்தளை எரிந்தது.

பகல் நேரம். அப்பாவும் நானும் முற்றத்தில் நின்று நகரத்துப் பக்கம் எழும்பிய புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கடை எரிகிறது என்று முதலில் நினைத்தோம். பிறகு புகை வரிசையாக எழுந்தது. கிளாக்கர் கச்சேரியிலிருந்து நடந்தே வந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. வேலிக்குள்ளால் தலையை நீட்டி, "ஐயா, ஒண்ணும் எடுக்க வேணாம். இப்பவே வாங்க" என்றார். நான் ரப்பர் செருப்போடு போனேன். அப்பா சாரத்தோடும் பனியனோடும் வந்தார். பல் செட்டைத் தண்ணீர்க் கிளாசிலேயே மறந்துவிட்டார்.

அவர்கள் வீட்டின் பின்னறையில் காய்ந்த மிளகுச் சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார் அக்கா. ஒரு மணி நேரம் போயிருக்காது. ஒழுங்கையில் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக் கதவை உடைக்கும் சத்தம், கண்ணாடி, அலுமாரியை இழுக்கும் சத்தம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு இந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"இங்க தமிழ் ஆளுங்க இருக்காங்களாமே?"

அக்காவின் குரல் கேட்டது. கொஞ்சமும் நடுங்கவில்லை. "உள்ள என் மாமியாருக்கு அம்மை போட்டிருக்கு. பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போங்க. வேப்பிலையும் தர்றேன்."

அந்த நேரம் மிளகுத் தூசியில் அப்பாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. துவாயைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் முகத்தை அழுத்திக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. நான் அந்த முதுகின் மேல் என் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டேன். அம்மை என்றதும் அவர்கள் உள்ளே வரவில்லை. காலடிகள் ரோட்டுப் பக்கம் போயின.

பதினொரு நாள் அந்த அறையில் இருந்தோம். பல் இல்லாத அப்பாவுக்காக அக்கா தினமும் குழைசோறும் இலைக்கஞ்சியும் வைத்தார். மூன்றாம் நாள் அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துபோய்க் கிளாக்கரிடம் சொன்னேன். அவர் அந்தச் சீ.ஆர். கொப்பியை எடுத்துவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். நாலாவது கதையில அந்தக் கிழவிக்கு மருந்தைக் கூட்டிக் குடுத்துக் கொல்றாங்கல்ல. அரை மணி நேரத்துல செத்துட்டான்னு காட்டினாங்க. அது சரியா?"

அப்பா சுவரைப் பார்த்தபடியே இருந்தார். கிளாக்கர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"சாக மாட்டா" என்றார் அப்பா. பல் இல்லாததால் சொல் குழறியது. "ஆறு மணி நேரமாவது போகும். முதல்ல வாந்தி எடுப்பா. படம் எடுத்தவனுக்கு மருந்தைப் பத்தி ஒண்ணும் தெரியல."

"அப்ப அதை எழுதிக்கட்டா?"

"எழுதுங்க."

அந்தப் புத்தகம் அங்கேதான் தொடங்கியது. பகல் முழுக்கக் குசுகுசுவென்று ஒவ்வொரு கதையாகப் பேசினோம். அவர் சிங்களத்தில் எழுதினார். நான் எதிர்ப்பக்கத்தில் தமிழில் எழுதினேன். வெளியே ஊரடங்குச் சட்டம். எங்கள் வீட்டில் ஒரு கதிரைகூட மிஞ்சவில்லை என்று அக்கா வந்து சொன்னார். அன்றைக்கு நாங்கள் ஏழாவது கதையில் இருந்தோம்.

நிலைமை அடங்கிய பிறகு எங்களுடைய ஆட்கள் பலர் இந்தியாவுக்கும் வவுனியாப் பக்கமும் போனார்கள். அப்பா போக மறுத்தார். "நான் பொறந்தது இந்த மலையில. எங்க போகச் சொல்றே?" சுவரைக் கழுவி, கதவு போட்டு, அதே வீட்டுக்குத் திரும்பினோம்.

தொடர் மட்டும் திரும்பி வரவில்லை. கிளாக்கர் தொலைக்காட்சிக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. பிறகு அந்தத் தொடரை எடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே என்னை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். ஆறேழு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. மொத்தம் பதினொரு பாகம்தான் எடுத்தார்களாம். பார்ப்பவர்கள் போதாமல் நிறுத்திவிட்டார்களாம். நாங்கள் பார்க்காத இரண்டு கதைகளையும் இரண்டிரண்டு வரியில் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிப் புத்தகம் ஏதும் வந்ததாகத் தங்களுக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்க ஊர்லயே மறந்துட்டாங்களா? அப்ப நாமதான் எழுதணும், டீச்சர்."

அப்படித்தான் ஐந்தாறு வருடம் போனது. ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் பூசை முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டு மேசையில் உட்காருவோம். கச்சேரிக் கடிதங்களை எழுதி எழுதி அவருடைய சிங்களம் விறைத்துப் போயிருந்தது. "மேற்படி நபர்" என்று கொலைகாரனை எழுதுவார். நான் சிரிப்பேன். ஒரு சொல்லுக்காக ஒரு முழுப் பகலும் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு நாள் சாட்சி என்ற சொல் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்டபோது அவர் அடைந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா எண்பத்தாறில் நோயில் காலமானார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் கிளாக்கரும் ஒருவர்.

எண்பத்தொன்பது வந்தது. இந்த முறை சாவு சிங்கள வீடுகளுக்குள் புகுந்தது. அரசாங்க வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு பக்கம் கிளர்ச்சிக்காரர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். போகாதவன் அவர்களுடைய ஆள் என்று மறு பக்கம் இராணுவத்தினர் பட்டியல் போட்டார்கள். போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம். காலையில் ரோட்டோரத்தில் பிணங்கள் கிடந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தார்கள். கிளாக்கர் ஒரு நாள் போவார், ஒரு நாள் காய்ச்சல் என்று இருந்துவிடுவார். அந்தக் காலத்திலும் எங்கள் வேலை நிற்கவில்லை. முடிந்த கதைகளை ஒவ்வொன்றாகக் கச்சேரிக்கு எடுத்துப்போய், அங்கே டைப் அடிக்கும் நண்பரிடம் கொடுத்து அடித்து வாங்கி வருவார். ஐந்து கதைகள் அப்படி முடிந்திருந்தன.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போன நாள். பின்னேரம் நாலரை இருக்கும். அலுவிகாரைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரொட்டிக் கடையில் பாண் வாங்கியிருக்கிறார். நம்பர் தகடு இல்லாத ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவருடைய பையைத் திறந்து பார்த்தார்கள். பிறகு வேனுக்குள் ஏற்றினார்கள். இதையெல்லாம் ரொட்டிக் கடை முதலாளிதான் ஓடிவந்து அக்காவிடம் சொன்னார். அவர் வாங்கிய பாண், கடை வாசலிலேயே விழுந்து கிடந்தது என்றும் சொன்னார்.

அவரை நாங்கள் திரும்பப் பார்க்கவில்லை.

மறுநாள் அக்காவோடு நானும் பொலிசுக்குப் போனேன். முறைப்பாட்டை எழுதிக்கொள்ள மறுத்தார்கள். "அப்பிடி ஒருத்தரையும் நாங்க எடுக்கல." இராணுவ முகாம் வாசலுக்குப் போனோம். காவலுக்கு நின்றவன் சின்னப் பையன்தான். அக்கா நீட்டிய போட்டோவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "வீட்டுக்குப் போங்க, அம்மா" என்றான். அதை அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பொலிஸ் எழுதாவிட்டால் நாமே எழுதுவோம் என்று நான் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பேனாவை எடுத்ததும் கை தன்பாட்டில் அவருடைய தலைப்புகளையே எழுதியது. கடைசியாகக் கண்டவர். கண்ட நேரம். உடுத்திருந்தது: வெள்ளை நீட்டுக்கைச் சட்டை, சாம்பல் காற்சட்டை. கையில் இருந்தது: குடை, சோற்றுப் பெட்டி, துணிப்பை. அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் எழுதவில்லை.

கடைசியாகக் கண்டவரின் கையெழுத்துக்காக ரொட்டிக் கடைக்குப் போனோம். முதலாளி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல, நோனா. வெயிலுக்குத் தட்டியை இறக்கி வச்சிருந்தேன்."

"நீங்கதானே ஓடிவந்து சொன்னீங்க?" என்றார் அக்கா.

"நான் வரல." அவருடைய மூத்த மகன் மா பிசைந்துகொண்டிருந்தான். முதலாளியின் கண் அவன் பக்கம் போய்த் திரும்பியது. "எனக்கும் பிள்ளைங்க இருக்கு, நோனா."

தொடரில் பொய் சொல்கிறவர்களுக்கு முன்னால் அந்தக் குமாஸ்தா அவர்கள் சொன்னதை வாசித்துக் காட்டுவான், அவர்கள் உடைந்துபோவார்கள். இவர் முன்னமே உடைந்து போயிருந்தார். அக்கா வழக்கம்போல ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். பல வருடம் அதே கடையில்தான் வாங்கினார்.

நான் எழுதிய மனு ஆங்கிலத்திலும் சிங்களத்திலுமாக எங்கெங்கோ போனது. சில இடங்களிலிருந்து, கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. தனியாக இருக்க இரண்டு பேருக்கும் பயம். நான் என் வீட்டை விட்டுவிட்டு அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டேன். கொப்பியையும் டைப் அடித்த தாள்களையும் அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்தோம். பின்பு அவற்றை இருவரும் தொடவில்லை.

தொடாததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் கொண்டுபோன அன்று அந்தத் துணிப்பைக்குள் ஆறாவது கதை இருந்தது. டைப் அடிக்கும் நண்பர் அன்று வேலைக்கு வராததால் அது பையிலேயே திரும்பியிருந்தது. ஒரு ரயில் நிலையத்தில் நடக்கும் கொலை. அவர் அந்த நிலையத்தை அளவெடுத்து வரைந்திருந்தார். தண்டவாளம், சிக்னல் அறை, மேடை, ஆட்கள் நின்ற இடங்களில் சிலுவைக் குறிகள். அதற்கு எதிர்ப்பக்கம் முழுக்க என்னுடைய தமிழ்க் கையெழுத்து. ரயில் நிலையங்களும் ட்ரான்ஸ்ஃபோமர்களும் எரிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு சிங்கள அரசாங்க ஊழியரின் பைக்குள் அப்படி ஒரு படம், பக்கத்தில் தமிழ் எழுத்து. பையைத் திறந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? என் கையெழுத்து அவரைக் கொண்டுபோய்விட்டது என்று நம்பினேன். ஐந்தாறு வருடம் அந்த நம்பிக்கையோடு அவருடைய மனைவி சமைத்த சோற்றைச் சாப்பிட்டேன்.

ஆட்சி மாறிய பிறகு, காணாமல் போனவர்களை விசாரிக்கிறோம் என்று ஒரு விசாரணைக் குழு வந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள். ஒரு நீண்ட மேசை, மூன்று பேர், மின்விசிறி. வெளியே வாங்குப் பலகைகளில் எங்களைப் போல நூறு பெண்கள். நடுவில் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்.

"அன்னைக்கு அவர் கையில என்னென்ன இருந்தது?"

"குடை, சோத்துப் பெட்டி, பை" என்றார் அக்கா.

"பைக்குள்ள?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்ல" என்றார்.

என்னிடமும் அதையே கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றேன். பக்கத்தில் ஒரு கிளாக்கர் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, பைக்குள்ள ஆறாவது கதை இருந்தது. என் கையெழுத்து இருந்தது. அதனாலதான் அவரைக் கொண்டுபோனாங்க. நான் இவ்வளவு நாளா உங்ககிட்ட சொல்லல."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவருடைய முகம் களைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"தெரியும், நங்கி. அதை வச்சது நான்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குக் காலையில அவர் மறந்து மேசையிலயே வச்சிட்டுப் போயிட்டார். நான்தான் பின்னாலயே சந்தி வரைக்கும் ஓடிப்போய்ப் பைக்குள்ள வச்சேன். பஸ் வெளிக்கிட்டிருச்சு, தட்டி நிப்பாட்டினேன். நான் ஓடாம இருந்திருக்கலாம்."

அந்த மதிலோரம் இரண்டு பேரும் நின்று அழுதோம். பகல் வெளிச்சம், ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் நின்று கேட்கவில்லை. அந்த வருடங்களில் மாத்தளையில் அழும் பெண்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

அந்தத் தாள்தான் காரணமா என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அவர்கள் அதைப் பார்க்காமலே தூக்கி எறிந்திருக்கலாம். அவருடைய பெயர் முன்பே ஏதாவது பட்டியலில் இருந்திருக்கலாம். ஆள் மாறிப் பிடித்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பாரத்தைத் தூக்க இரண்டு பேர் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அரிசிப் பெட்டியை நகர்த்தினார். "இதை அச்சடிப்போம்" என்றார்.

கொப்பியில் குறிப்புகள் இருந்தன. எட்டுக் கதைகளுக்கு இரண்டு மொழியிலும் முழு எழுத்தும் இருந்தது. ஆறாவது இல்லை. தமிழை நான் ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாம். சிங்களம்?

"எழுதிக்கோ, நான் சொல்றேன்" என்றார் அக்கா.

"நீங்க பாக்கவே இல்லையே?"

"யார் சொன்னது? தேத்தண்ணி ஊத்தினா கண்ணு தெரியாதா?"

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே அந்தக் கதையை முழுக்கச் சொன்னார். ஒரு காட்சி விடாமல் சொன்னார். ஆனால் அது கிளாக்கர் எழுதும் கதையைப் போல் இல்லை. கொலைகாரன் எந்த வாசலால் வந்தான் என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டார். செத்தவனுடைய மனைவி ரயில் நிலைய வாங்கில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள், எந்தக் கையில் பெட்டியைப் பிடித்திருந்தாள், ஒவ்வொரு ரயிலுக்கும் எப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள் என்பதையெல்லாம் சொன்னார். ஆங்கிலம் தெரியாதவர் முகங்களைப் பார்த்திருக்கிறார். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன். புத்தகத்தில் அந்தப் பாகம் அப்படியே இருக்கிறது.

மாத்தளை நகரத்தில் ஒரு முஸ்லிம் அண்ணன் அச்சகம் வைத்திருந்தார், நானா என்போம். கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும்தான் அவருக்கு வழமையான வேலை. இரண்டு மொழி எழுத்தும் அவரிடம் இருந்தன. முகப்புத் தாளைக் கோர்க்கும்போது எங்களைக் கூப்பிட்டார்.

"ஆசிரியர் பேருக்கு முன்னுக்கு என்ன போடுறது, டீச்சர்? மறைந்தன்னு போடட்டா?"

அக்காவுக்கு அதற்குள் தமிழ் நன்றாக விளங்கும். ஆனால் இந்தச் சொல் தெரியவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டார். செத்துப்போனவர்களுக்கு மரியாதையாகப் போடும் சொல் என்றேன். சொல்லுக்குச் சொல் என்ன என்று கேட்டார். காணாமல் போன, கண்ணுக்குத் தெரியாமல் போன என்றேன்.

அக்கா முகப்புத் தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஆமா, அக்கா."

"அப்ப காணாமப் போனவங்களைத் தேடிப் போனா, என்ன சொல்லித் தேடுவீங்க?"

நானா அச்சுத் தட்டைப் பார்த்தபடி நின்றார்.

"போட வேணாம்" என்றார் அக்கா. "பேரை மட்டும் போடுங்க. உசிரோட இருக்கிறவங்க பேருக்கு முன்னால ஒண்ணும் போடுறதில்லைதானே."

அப்படியே போட்டார். இருநூறு பிரதி வந்தது. பார்க்காத கடைசி இரண்டு கதைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டிரண்டு வரிகளை மட்டும் போட்டோம். அப்பா சொன்ன மருந்து விஷயம் நாலாவது கதைக்குக் கீழே அடிக்குறிப்பாக இருக்கிறது. யார் வாங்குவார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சிலவற்றைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தோம். சிலவற்றைச் சந்தியில் பத்திரிகை விற்கும் கடையில் வைத்தோம். பெரும்பாலானவை மிளகு அறையில் கிடந்தன.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, நாலந்தாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில், மணி மணியான எழுத்தில். எழுதியவர் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவராம். ஹோட்டல் தொலைக்காட்சியில் அந்த ஒன்பது வாரமும் பார்த்தாராம். இப்படி ஒரு புத்தகம் வந்ததை நம்ப முடியவில்லை என்றும், ஆனால் ஆறாவது கதையில் ஒரு பிழை இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். செத்தவனுடைய மனைவி பெட்டியை வலது கையில் அல்ல, இடது கையில்தான் பிடித்திருந்தாள். அடுத்த பதிப்பில் ஆசிரியர் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் வாசித்து முடித்ததும் அக்கா கடிதத்தைப் பிடுங்கித் தானே ஒரு முறை வாசித்தார்.

"இடதா? இவருக்கென்ன பைத்தியமா? அவ இடது கையில கைக்குட்டை வச்சிருந்தா. எப்பிடிப் பெட்டியைப் பிடிப்பா?" எனக்கு முதுகைக் காட்டி நின்று மறுபடியும் வாசித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழுந்து போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பேனாவைக் குடு, நங்கி" என்றார். "இதுக்கு நானே பதில் எழுதுறேன்."